பல்லவிக்குள் நுழையாத வசனங்கள்

அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை 2013இல் புதிய பாட்டுப் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. அதைத் தொகுத்த குழு ஒரு பாடலுக்காக வாக்கெடுப்பு வரை போனது. கீத் கெட்டியும் ஸ்டூவர்ட் டவுனெண்டும் 2001இல் எழுதி, உலகமெங்கும் பரவிவிட்டிருந்த 'இன் கிரைஸ்ட் அலோன்' அந்தப் பாடல். சிலுவையில் தேவகோபம் தணிந்தது என்று சொல்லும் ஒரு வரி குழுவில் பலருக்கு உறுத்தியது. கோபத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேவனுடைய அன்பை வைக்கலாமா என்று கேட்டார்கள். எழுதியவர்கள் சம்மதிக்கவில்லை. ஒன்பதுக்கு ஆறு என்ற கணக்கில் பாடல் வெளியே போனது.

கோபம் தணிந்ததற்கு ரோமர் நிருபத்தில் ஆதாரம் காட்டலாம். அன்பு வெளிப்பட்டதற்கு 1 யோவான் நான்காம் அதிகாரத்தைக் காட்டலாம். இருந்த வரி, கேட்ட வரி இரண்டுமே வேதத்தில் தேறும். அப்படியானால் அந்த வாக்கெடுப்பு எதைப் பற்றியது? ஒரு சபை எதைப் பாடும், எதைப் பாடாமலே விட்டுவிடும் என்பதைப் பற்றியது. இன்றைய ஆராதனைப் பாடல்களை வேதத்தின் வெளிச்சத்தில் மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பாடப்பட்ட வரியோடு நின்றுவிடுகிறார்கள். கோளாறு அதிகம் இருப்பது பாடப்படாத வரியில்.

பாட்டைச் சோதிக்கும் வேலை சபையளவு பழையது. நான்காம் நூற்றாண்டில் ஆரியு தன் உபதேசத்தை மெட்டில் போட்டான். மாலுமிகளும் மாவு அரைப்பவர்களும் பாடும்படி அவன் பாட்டு எழுதியதாகப் பழைய சபை வரலாறு சொல்கிறது. கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற கருத்து பிரசங்கத்தைவிடப் பாட்டில் வேகமாக ஊர் சுற்றியது. சிரியாவில் எப்ரேம் வேறு வழி கண்டார். மாறுபட்ட உபதேசம் சொன்ன பர்தைசானின் பாடல்கள் ஜனங்களை இழுக்கின்றன என்று கண்டு, தடைபோட்டுப் பயனில்லை என்று தாமே நூற்றுக்கணக்கில் பாடல் எழுதி, பெண்களின் பாடகர் குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதே நூற்றாண்டின் லவோதிக்கேயா சங்கமோ தனியார் இயற்றிய பாடல்களைச் சபையில் பாடக்கூடாது என்று விதித்தது. பின்னால் கால்வினின் ஜெனிவா மரபு, சங்கீதங்களைத் தவிர வேறு பாட்டே வேண்டாம் என்ற அளவுக்குப் போயிற்று. ஐசக் வாட்ஸ் 1707இல் சொந்தப் பாடல்களை அச்சிட்டபோது ஆங்கிலச் சபைகளில் எழுந்த முணுமுணுப்பு அந்த மரபிலிருந்து வந்ததுதான். இன்று 'பழைய நல்ல பாட்டு' என்று நாம் கொண்டாடும் வாட்ஸ், அன்றைக்குப் புதுப்பாட்டுக்காரர்.

இன்றைய மதிப்பீடுகளுக்கு வருவோம். அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு 2020இல் பாடல் வரிகளை மதிப்பிட ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நற்கருணை, திரித்துவம், கடவுளுக்கும் மனிதருக்கும் உள்ள உறவு, திருச்சபை, யூத மக்கள், மனிதரைப் பற்றிய போதனை என்று ஆறு இடங்களில் பாடல்கள் சறுக்குகின்றன என்றது. அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு பாட்டில் பிழை இல்லாவிட்டாலும், ஒரு சபை ஆண்டு முழுக்கப் பாடும் மொத்தப் பாடல்களில் எது சொல்லப்படாமலே போகிறது என்றும் பார்க்கவேண்டும்.

புராட்டஸ்டண்ட் தரப்பில் வேலை பெரும்பாலும் தனித்தனிப் பாடல் விமரிசனமாக நடக்கிறது. கோரி ஆஸ்பரியின் 'ரெக்லஸ் லவ்' வந்தபோது தேவனுடைய அன்பைப் பொறுப்பில்லாதது என்று சொல்லலாமா என்ற சண்டை வருடக்கணக்கில் ஓடியது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை வனாந்தரத்தில் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பன் லூக்கா 15இல் இருக்கும்போது இந்தச் சண்டைக்கு அவ்வளவு மை தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். போதனையில் சந்தேகத்துக்குரிய சபையிலிருந்தோ நடத்தையில் தவறியவரிடமிருந்தோ வந்த பாட்டைப் பாடலாமா என்பது இன்னொரு விவாதம். எழுதியவரின் நடத்தையைப் பார்த்துத்தான் பாட்டை எடுப்பதென்றால் தாவீதின் 51ஆம் சங்கீதம் முதலில் போய்விடும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதையும் பலர் குற்றமாகச் சொல்கிறார்கள். 136ஆம் சங்கீதத்தில் 26 வசனம், 26 முறையும் அதே பல்லவிதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே பெரும்பாலும் பல்லவிக்கு முன்னால் தேவன் செய்த ஒரு காரியம் வருகிறது: படைப்பு, எகிப்து, செங்கடல், வனாந்தரம். நம் பாடல்களில் பல்லவி திரும்புகிறது, காரியம் வருவதில்லை.

இதைவிட உருப்படியான வேலையைச் செய்தவர்கள் பாடல்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தவர்கள். சபைகளுக்குப் பாடல் உரிமம் தரும் சிசிஎல்ஐ நிறுவனம் 1988இல் தொடங்கியது. எந்தச் சபை எதைப் பாடுகிறது என்ற கணக்கு அதன்மூலம் சேர்ந்தது. லெஸ்டர் ரூத் என்ற வழிபாட்டியல் அறிஞர் 1989க்குப் பிந்தைய ஒன்றரைப் பத்தாண்டில் அதிகம் பாடப்பட்ட பாடல்களை எடுத்துப் பார்த்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரையும் பெயர் சொல்லும் பாடல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எந்த ஒரு பாட்டையும் தூக்கிப் பிடித்து 'இது தப்பு' என்று சொல்லமுடியாது. சேர்த்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரிகிறது. அண்மையில் வேறொரு ஆய்வுக் குழு 2010களின் முன்னணிப் பாடல்களை ஆராய்ந்து, ஏறத்தாழ எல்லாமே ஹில்சாங், பெத்தேல், பாஷன், எலிவேஷன் என்ற நாலு பெரிய சபைகளோடு தொடர்புடையவை என்று காட்டியது. ஆங்கிலத்தில் ஞாயிற்றுக்கிழமை பாடியதைப் பெரிதும் நாலு இடங்கள் தீர்மானித்தன. சென்னையின் ஆங்கில ஆராதனைகளும் அதற்கு விலக்கல்ல.

தமிழ்ச் சபைகளின் பாட்டுப் பூசல் இதைவிடப் பழையது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சியையும் கீர்த்தனையையும் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்தவர். 1820களில் வந்த புதிய மிஷனரிகளோடு அவருக்குப் பெரிய மோதல். தமிழ்ப் பாட்டுகளைக் கோவிலில் பாடவிடவில்லை என்பது அவர் அடுக்கிய குற்றச்சாட்டுகளில் ஒன்று. (அதே பட்டியலில், சாதிகளை ஒன்றாகக் கலக்கக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்ற புகாரும் இருந்தது. சாஸ்திரியாரைப் புகழ்கிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.) கொஞ்ச காலத்துக்குள் காற்று மாறியது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். ஜெர்மன் ராகத்தில் ஞானப்பாட்டு, தமிழ் ராகத்தில் கீர்த்தனை என்று இரண்டும் சேர்ந்து நடந்தன.

கீர்த்தனையின் அமைப்பு ஒரு காவலாகவே இருந்தது. பல்லவி உணர்ச்சியைச் சொல்லும். சரணங்கள் கதையைச் சொல்லும்: ஏதேன், பெத்லகேம், கெத்செமனே, கொல்கொதா. பாடிக்கொண்டே போனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வேதத்தின் பாதி மனதில் ஏறிவிடும். சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி'யில் கிறிஸ்துவுக்காக ஏங்கும் நாயகி தனியொரு பெண் அல்ல, திருச்சபை. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் மணவாட்டி யாரோ, அவளேதான். இன்றைய காதல்மொழி ஆராதனைப் பாடல்களில் மணவாட்டி 'நான்' ஆகிவிட்டாள். வேதத்தில் அந்த ஒருமை இல்லை.

ஒலிநாடா காலத்தோடு தமிழில் புது அலை வந்தது. அதை ஒட்டுமொத்தமாகத் தள்ளுவது நியாயமல்ல. பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' வரிசையில் பல பாடல்கள் வசனத்தையே ஒட்டி நடப்பவை. பாடுகிறவர் அறியாமலே சங்கீதத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார். ஆகவே தமிழ்ப் புதுப்பாடல்களில் வேதம் இல்லை என்ற குற்றச்சாட்டு நிற்காது. வசனம் நிறைய இருக்கிறது. எந்த வசனம், அதில் எவ்வளவு என்பதே கேள்வி.

டிசம்பர் 31 இரவு ஆராதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் புது வருடத்தின் வாக்குத்தத்த வசனம் அறிவிக்கப்படும், அட்டை கையில் வரும், அந்த வசனத்தின்மேல் கட்டிய பாட்டு ஒலிபெருக்கியில் எழும். கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்ற பொருளில் எத்தனை பாட்டுகள்! உபாகமம் 28இல் அது பதின்மூன்றாம் வசனம். அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். முதல் 14 ஆசீர்வாதம், மீதி 54 சாபம், நடுவில் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் என்ற நிபந்தனை. பாட்டில் நிபந்தனையும் இல்லை, சாபமும் இல்லை. எரேமியா 29இன் பதினோராம் வசனம் இன்னும் பிரபலம். அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம். பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று தவணை சொல்லப்படுகிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த நாளைப் பார்த்திருக்கமாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது, சிறைவைத்த ஊரிலேயே வீடு கட்டு, தோட்டம் போடு, அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபி என்பது. இந்த வருஷமே என்று கைதட்டிப் பாடும் பாட்டில் அந்த எழுபதை எங்கே வைப்பது?

91ஆம் சங்கீதம் மூன்றாவது உதாரணம். ஆயிரம் பேர் விழுந்தாலும் உனக்கு ஒன்றும் நேராது என்பது அதன் சாரம். சுவிசேஷங்களில் இந்தச் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறவன் ஒருவனே. தேவாலயத்தின் உப்பரிகையில் இயேசுவைச் சோதித்தவன் அவன். அவன் சொன்ன வசனம் பிழையில்லாத வசனம். வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லும் ஒவ்வொரு பாடல் விமரிசகரும் மத்தேயு நான்காம் அதிகாரத்தை மேசைமேல் திறந்து வைத்துக்கொள்ளவேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நியாயத்தைச் சொல்லாமல் போகமுடியாது. இந்தப் பாடல்களை யார் பாடுகிறார்கள்? வட்டிக்கடனில் இருப்பவர், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர், ஊரில் தெருவே பிரித்து வைக்கப்பட்டவர். குப்பைமேட்டிலிருந்து தேவன் தூக்குகிறார் என்று ஒரு தலித் பெண் பாடும்போது அதைச் செழிப்பு உபதேசம் என்று ஒதுக்குகிறவருக்குப் பசி தெரியாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இதை நன்றாக அறிந்தவர். பரட்டை என்ற பெயரில் அவர் நாட்டுப்புற மெட்டில் எழுதிய பாடல்களுக்கு அளவுகோல் இரண்டு: கூலிக்காரர் இதைத் தன் பாட்டு என்று பாடுவாரா, ஒரே உலையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட இது இடம் கொடுக்குமா. கோட்பாட்டுச் சோதனைப் பட்டியல் எதிலும் நான் பார்க்காத கேள்விகள் இவை. ஆனாலும் வேதத்துக்கு மிக நெருக்கமானவை.

காரணம் அன்னாளின் பாட்டு. 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தில் எளியவன் குப்பையிலிருந்து உயருகிறான், உண்மை. அதற்கு முன்னாலேயே பலவான்களின் வில் முறிகிறது, வயிறாரத் தின்றவர்கள் கூலிக்குப் போகிறார்கள். லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாள் இதையே இன்னும் கூர்மையாகப் பாடுகிறாள்: ஆசனத்தில் இருப்பவர்கள் கீழே வருகிறார்கள், ஐசுவரியவான்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நம் பாடல்கள் இதில் தூக்குதலை மட்டும் எடுத்துக்கொண்டன. இறக்குதலை விட்டுவிட்டன. தாழ்மையானவர்கள் என்ற மரியாளின் பன்மையை 'என்னை' என்று ஒருமையாக்கின. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் காணிக்கைக்காரருக்கு இப்போது பயமில்லை. அவரும் அதே பாட்டைத் தன் அடுத்த மாடிக்காகப் பாடலாம். ஒரு வரியும் பொய் சொல்லாமலே பாட்டு பொருள் மாறிப்போகிறது.

விடப்பட்டதில் பெரியது புலம்பல். சங்கீதப் புத்தகத்தின் 150இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல். 88ஆவது இருட்டிலேயே முடிகிறது. 44ஆவது, நாங்கள் உடன்படிக்கையை மீறவில்லையே, ஏன் தூங்குகிறீர் என்று தேவனையே எழுப்புகிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அடுத்த ஞாயிறு ஒரு தமிழ்ச் சபை எதைப் பாடும்? எந்த ஆயுதமும் வாய்க்காது என்ற பாட்டையா? 44ஆம் சங்கீதம் அந்த நாளுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. அதற்கு மெட்டுப் போட்டு, கீபோர்டு வைத்துப் பதிவு செய்து, பரவலாகப் பாடப்படும் ஒரு தமிழ்ப் பாட்டு என் காதில் விழவில்லை. யூடியூப் பார்வைக் கணக்கு அளவுகோலான பிறகு அப்படியொரு பாட்டை வெளியிட யாருக்குத் துணிவு வரும் என்பதும் தெரியவில்லை.

பாடல் எழுதுகிறவர்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த ஆல்பத்தில் ஒரு பாட்டையாவது கேள்விக்குறியில் முடியுங்கள். அன்னாளின் வில் முறியும் வரியையும் சரணத்தில் சேருங்கள். போதகர்களிடம் கேட்பது அதைவிட எளிது. வருகிற டிசம்பர் 31 இரவு, வாக்குத்தத்தப் பாட்டைத் தொடங்குமுன் அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை சபைக்கு வாசித்துக் காட்டுங்கள். உபாகமம் 28ஆகவே இருந்தாலும் கால்மணி நேரம் போதும்.