வன்பொருளில் இல்லாததும் கெர்னல் ஏற்காததும்

சென்னை ஐ.ஐ.டி.யில் வி. காமகோடி தலைமையில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய சக்தி செயலித் திட்டம், உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. முழு எண் கணக்குக்கான சிறு பகுதியை மட்டும் கட்டாயமாக்கிவிட்டு, ஒற்றைத் துல்லிய மிதவைப் புள்ளிக் கணக்குக்கு எஃப், இரட்டைத் துல்லியத்துக்கு டி என்று எஞ்சியவற்றை விருப்ப நீட்சிகளாக விடுவது இத்தொகுதியின் இயல்பு. சக்தியின் வடிவமைப்பும் திறந்த மூலமாக இருந்து, நீட்சிகளைச் சேர்க்கவும் நீக்கவும் இடம் தருவதால், செயலியின் பெயரைக் கொண்டு அதன் திறனை அறிய இயலாது.

இன்டெல், ஏஎம்டி செயலிகளில் ஒரு நிரல் சிபியுஐடி கட்டளையின் வழியாகச் செயலியையே நேரடியாகக் கேட்டுவிடலாம். ரிஸ்க்-ஃபைவில் அத்தகவலைத் தாங்கும் பதிவேட்டை மிக உயர்ந்த அதிகார நிலையிலேயே படிக்க முடியும் என்பதால், பலகை தயாரிப்பாளர் தரும் வன்பொருள் விவரக் கோப்பைப் படித்து, இயங்குதளத்தின் மையமான கெர்னல்தான் நிரல்களுக்குச் சொல்லியாக வேண்டும். முன்பு எழுத்துக்கு ஒரு பிட் என 26 பிட்டுகளில் அது சொல்லிவந்தது. பல எழுத்துப் பெயருடைய நீட்சிகள் பெருகியபோது அவற்றுக்கு அங்கே இடமில்லாது போயிற்று. 2023இல் வெளியான லினக்ஸ் 6.4 இதற்கென ஹெச்டபிள்யூபுரோப் என்ற அழைப்பைக் கொண்டுவந்தது. தனக்குத் தெரியாத வினா வந்தால் அழைப்பையே முறிக்காமல், அந்த வினாவின் எண்ணை மட்டும் -1 ஆக்கித் திருப்புவதால், புதிய நிரலும் பழைய கெர்னலும் இடரின்றி ஒத்துப்போகின்றன. இம்முறையின் தலையாய சிறப்பு இதுவே.

குறை, ஹெச்டபிள்யூபுரோப் தரும் விடையில் ஒரு நீட்சிக்குரிய பிட் 0 ஆக வரும்போது தென்படுகிறது. அந்த 0, வன்பொருளில் அந்நீட்சி இல்லை என்பதையும் குறிக்கலாம். விவரக் கோப்பில் விடுபட்டது, கெர்னல் அறியாதது, அறிந்தே விலக்கியது ஆகியவற்றையும் குறிக்கலாம். எஃப் இருந்து டி இல்லாத செயலி இதற்குத் தெளிவான சான்று. ஒரு நிரலை நிறுத்தி மற்றொன்றை ஓட்டும்போது மிதவைப் புள்ளிப் பதிவேடுகளைச் சேமித்து மீட்கும் பகுதி இரட்டைத் துல்லிய அளவுக்கே எழுதப்பட்டிருப்பதால், கெர்னல் அங்கே எஃப் நீட்சியையும் மறைத்துவிடுகிறது. மறைப்பது சரியே, காக்க முடியாத பதிவேட்டை நிரலின் கையில் கொடுப்பது கணக்கைக் கெடுக்கும். ஆனால் தொடக்கப் பதிவில் அது எழுதும் செய்தியோ, இத்தகைய பொறிகளையே கெர்னல் ஆதரிக்கவில்லை என்கிறது. பொறி இயங்கத்தான் செய்கிறது. விலக்கப்பட்டது மிதவைப் புள்ளி வசதி மட்டுமே. புதுப் பலகையில் லினக்ஸை ஏற்றிப் பார்க்கும் பொறியாளர் இச்சொற்களை நம்பினால் தவறான இடத்தில் பழுதைத் தேடுவார்.

இதைவிட நுண்மையாகச் சொல்லவும் கெர்னலுக்குத் தெரியும். சீரமைக்கப்படாத நினைவக முகவரியிலிருந்து தரவை எடுக்கும் திறனைக் கேட்டால், தெரியாது, மென்பொருளால் ஈடுசெய்யப்படுகிறது, மெதுவானது, விரைவானது, ஆதரவில்லை என்ற ஐந்தில் ஒன்றை ஹெச்டபிள்யூபுரோப் விடையாகத் தருகிறது. நீட்சிகளுக்கும் இவ்வாறே காரணம் சேர்க்கலாம் என்பது ஈர்ப்பான யோசனைதான். எனினும் சாதாரண நிரலுக்குக் காரணம் தேவையில்லை. வசதி இல்லையெனில் அது மாற்று வழியில் செல்லும், அவ்வளவே. மேலும், இந்த ஐந்து விடைகளைத் தந்த முதல் வினாவே பிட் தொகுப்பு எனத் தவறாக வகைப்படுத்தப்பட்டதால் பின்னர் அதற்கு ஈடாக வேறொரு வினா சேர்க்கப்பட்டது. நிரல்கள் சார்ந்துவிட்டமையால் பழையதை நீக்கவும் இயலவில்லை. பதிவுச் செய்திக்கு இத்தகைய சுமை கிடையாது. எஃப் மட்டும் விலக்கப்பட்டது, பொறி தொடர்ந்து இயங்கும் என அதன் சொற்களைத் திருத்துவதால் எந்த நிரலும் உடையாது. காரணம் தேவைப்படும் பொறியாளரும் அதை அங்கேதான் தேடுகிறார்.