மாசும் தீட்டும்: சுற்றுச்சூழல் பாடத்தை முன்வைத்து

1

இலக்கியம் படிக்கிற மாணவரும் கணக்கியல் படிக்கிற மாணவரும் விலங்கியல் படிக்கிற மாணவரும் கட்டாயமாகப் படித்தாக வேண்டிய பாடம் ஒன்று நம் கல்லூரிகளில் உண்டு. அது சுற்றுச்சூழல் கல்வி. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பன்னிரண்டு வருஷம் பெரிதாக எதுவும் அசையவில்லை. 2003இல் நீதிமன்றம் மறுபடி அதட்டிய பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறுமாதப் பாடத்திட்டம் கல்லூரிக்குள் வந்தது. எட்டு அலகு, 50 வகுப்பு. அதற்கென்று எராக் பரூச்சா எழுதிய பாடநூலும் வந்தது. 2020இன் புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு 2023இல் மானியக் குழு புதிய திட்டம் ஒன்றை வெளியிட்டது. பெயர்கள் மாறியிருக்கின்றன. வகுப்பறையில் பேசப்படுவது ஏறக்குறைய பழைய பேச்சுதான்.

பாலாற்றங்கரைக் கல்லூரி ஒன்றில் நான் இந்தப் பாடத்தைச் சில வருஷமாக நடத்திவருகிறேன். நான் தமிழ்த்துறைக்காரன். யாருக்கு வகுப்பு எண்ணிக்கை குறைகிறதோ அவர் தலையில் கட்டப்படுகிற பாடம் இது. எல்லாத் துறைக்கும் பொது என்று சொல்லி எந்தத் துறையும் சொந்தம் கொண்டாடாத பாடமாக ஆகிவிட்டது. ஊர்ப்பொது என்றால் சேரிக்கு இல்லை என்று அர்த்தமாவது மாதிரி.

அந்த எட்டு அலகுகளின் தலைப்புகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். காடு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கனிமம் இருக்கிறது. மக்கள்தொகைப் பெருக்கம் இருக்கிறது. எய்ட்ஸ் இருக்கிறது. இயற்கை வளத்தைக் காப்பதில் தனிமனிதரின் பங்கு இருக்கிறது. சாதி இல்லை. இந்த நாட்டில் தண்ணீரும் நிலமும் கழிவும் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துவைத்திருக்கிற ஒன்று, தண்ணீரையும் நிலத்தையும் கழிவையும் பற்றிய பாடத்தின் ஒரு தலைப்பில்கூட இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்த 17 இலக்குகளிலும் இதே கதைதான். பத்தாவது இலக்கு ஏற்றத்தாழ்வைப் பற்றியது. வயது, பால், ஊனம், இனம், பூர்வீகம், மதம் என்று அதன் ஒரு பிரிவு பட்டியல் போடுகிறது. சாதி அங்கே 'பிற நிலை' என்ற இரண்டு சொல்லுக்குள் மறைந்துகொண்டிருக்கிறது. இந்த மௌனம் தற்செயலானதென்று என்னால் நம்ப முடியவில்லை.

2

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் இரண்டு சொல் வைத்திருக்கிறோம்: மாசு, தீட்டு.

பாடத்திட்டம் ஏழு வகை மாசைச் சொல்கிறது. காற்று, நீர், மண், கடல், ஒலி, வெப்பம், அணு. மாசை அளக்கக் கருவி உண்டு. வேதியியல் ஆய்வகத்தில் ஒரு குடுவைத் தண்ணீரை வைத்து அளந்துவிடலாம். தீட்டை அளக்கக் கருவி கிடையாது. ஆனால் இந்த நாட்டின் குளங்களையும் கிணறுகளையும் நூற்றாண்டுக் கணக்கில் நிர்வாகம் செய்துவந்தது தீட்டுதான்.

1927 மார்ச் 20 அன்று மகத் நகரத்துச் சௌதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் பின்னால் குடித்தார்கள். அந்தக் குளத்தில் மாடு குடிக்கலாம், மாற்று மதத்தார் குடிக்கலாம். தீண்டப்படாதவர் குடித்தால் தீட்டு. பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எப்படி? சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 பானைகளைக் கொண்டு சடங்கு நடந்தது. நுண்ணுயிரியல் மாணவரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். அம்பேத்கர் குடித்தபோது அந்தத் தண்ணீரில் கூடுதலாக எந்த மாசும் சேரவில்லை. தீட்டைப் போக்கியபோதுதான் மாசு சேர்ந்தது. அந்தக் குளத்தில் நமக்கு உரிமை உண்டென்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல 1937 ஆனது.

1973இல் மரத்தைக் கட்டிப்பிடித்த சிப்கோ இயக்கம் எல்லாச் சுற்றுச்சூழல் பாடநூலிலும் உண்டு. இருக்க வேண்டியதுதான். மகத் ஏன் இல்லை? பொது நீர்நிலை எல்லோருக்கும் பொது என்று நிலைநாட்டிய போராட்டம் சுற்றுச்சூழல் வரலாறாக இல்லாமல் 'சமூகப் பிரச்சனை' என்று வேறு அலமாரிக்குப் போய்விடுகிறது. முகுல் சர்மா 2017இல் வெளியிட்ட 'சாதியும் இயற்கையும்' என்ற ஆங்கில நூல் இந்த அலமாரிப் பிரிவினையைத்தான் கேள்வி கேட்டது.

எட்டாவது அலகு களப்பணி. மாணவர்கள் ஒரு குளத்தைப் போய்ப் பார்த்து, செடி, பூச்சி, பறவை குறித்து எழுத வேண்டும். என் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள்: "சார், எங்க ஊர்ல அந்தக் கொளத்துல எங்க பாட்டி காலத்துல நாங்க எறங்கவே கூடாதாம். இப்பப் போயி அதுல என்ன பூச்சி இருக்குன்னு எழுதச் சொல்றாங்க. பாட்டி சொன்னத எழுதலாமா?" எழுது என்றேன். நோட்டைத் திருத்தியவர் அந்தப் பக்கத்தை அடித்து, ஓரத்தில் 'பாடத்துக்குத் தொடர்பில்லை' என்று எழுதியிருந்தார். எது பாடம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறதென்பது அந்த ஓரக்குறிப்பில் இருக்கிறது.

3

ஒரே விஷயத்தைப் பல துறைகள் எப்படிப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பதற்குப் பாலாறே போதும்.

சட்டத்துறையில் கேட்டால் ஒரு தீர்ப்பைச் சொல்வார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. நீடித்த வளர்ச்சி என்ற கருத்தும் மாசு செய்தவரே செலவைத் தர வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைபெற்றது அதில்தான். உலகமே மேற்கோள் காட்டுகிற இந்தத் தீர்ப்பு பிறந்த இடம் தோல் பதனிடும் தொழில். தமிழ்நாட்டுத் தோல் தொழில் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்று தீர்ப்பு பதிவு செய்கிறது. அதில் இந்த மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கிறது. இழப்பீடு பற்றி அதே நீதிமன்றம் 2025 ஜனவரியிலும் பேச வேண்டியிருந்தது.

வேதியியலில் கேட்டால் குரோமியம் என்பார்கள். பொருளாதாரத்தில் கேட்டால் புறச்செலவு என்பார்கள். அதாவது முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே தள்ளப்படுகிற செலவு. வெளியே என்றால் எங்கே? ஊருக்கு வெளியே யார் இருக்கிறாரோ அவர் மேல்தான் போய் விழும். இதைச் சொல்லாமல் புறச்செலவை எப்படி நடத்துவது என்று எனக்குப் புரியவில்லை.

என் துறையும் ஒழுங்கில்லை. நாங்கள் ஐந்திணையை எடுத்துவைத்து, இயற்கையோடு இயைந்த தமிழர் வாழ்வு என்று நாற்பது நிமிஷம் பேசுகிறோம். கருப்பொருளில் மரமும் பறவையும் மட்டுமா இருக்கிறது? பறை இருக்கிறது, தொழில் இருக்கிறது. அந்தத் தொழிலைச் செய்த அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கிறது இலக்கணம் என்று உரைகாரர்களே காட்டியிருக்கிறார்கள். மருதத்து நெல் தானாக விளைந்ததுபோல் பேசுவது இந்தக் காலத்து வாத்தியார்களின் உபயம்.

ஆக, ஆறு ஒன்று, துறைகள் நான்கு. தோலில் ஒட்டியிருக்கிற சதையை வழிக்கிறவரும் சுண்ணாம்புத் தொட்டியில் கை வைக்கிறவரும் கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறவரும் எந்தத் துறையிலும் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சேறு பாய்ந்து 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிய நிலையத்தின் கழிவில் மனிதர்கள் மூழ்கினார்கள். சுற்றுச்சூழலைக் காப்பதற்கும் ஒரு கூலி இருக்கிறது, அதை யார் கொடுக்கிறார் என்று கேட்கிற பாடம் எங்கே நடக்கிறது?

4

நீடித்த வளர்ச்சிக்கு 1987இல் புருண்ட்லாண்ட் குழு சொன்ன விளக்கத்தை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்வது. நல்ல வாக்கியம். தலைமுறை என்ற சொல்லில்தான் எனக்குத் தடுக்குகிறது.

தலைமுறை தலைமுறையாகக் குன்றாமல் இந்த நாட்டில் கைமாறிவந்தது எது? நிலம் ஒரு பக்கம் கைமாறியது, விளக்குமாறு இன்னொரு பக்கம் கைமாறியது. பஞ்சமர்க்கென்று 1892 முதல் ஒதுக்கப்பட்ட நிலம் பிறர் கைக்குப் போனது. மலம் அள்ளும் வேலையை 1993இல் ஒரு சட்டம் தடை செய்தது, 2013இல் இன்னொரு சட்டம் தடை செய்தது. குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததென்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? இந்தியாவில் மிக நீடித்து நிற்கிற அமைப்பு சாதி. எதை நீடிக்கவிடக் கூடாது என்று கேட்காமல் நீடிப்பைப் பாடமாக வைத்தால், இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்பதே பாடமாகிவிடும்.

பாரம்பரிய நீர் மேலாண்மை என்றொரு பகுதி இப்போது பிரபலம். ஏரி, மதகு, குடிமராமத்து. எல்லாம் சரி. மதகைத் திறக்க முங்கியது யார், கரை உடைகிற ராத்திரியில் மண் சுமந்தது யார், களத்தில் கடைசிப் பங்கு வாங்கியது யார்? ஏரிக்கரையைக் காக்க ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க வெள்ளைக்காரன் 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டான். குடிமராமத்தைப் பழைய காலத்து ஒற்றுமை என்று நடத்துகிற ஆசிரியர், 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசியதையும் சேர்த்து நடத்த வேண்டும்.

5

நம் தோழர்கள் சிலர் வேறு பக்கத்திலிருந்து மறுக்கிறார்கள். சுற்றுச்சூழல் வயிறு நிறைந்தவன் பேச்சு, டேனரி நாறினாலும் அங்கேதான் சனிக்கிழமை கூலி கிடைத்தது, ஊர்க்காரன் களத்தில் கைகட்டி நின்றவனை அந்த நாற்றம்தான் மீட்டது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆலையை மூடு என்று தீர்ப்பு வந்தால் முதலில் தெருவில் நிற்கிறவர் தொழிலாளிதான். மூடுவதை மட்டும் பேசி, மூடியபின் யார் சோறு போடுவது என்று பேசாத சுற்றுச்சூழல்வாதத்தை நாம் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆனால் அதே டேனரித் தண்ணீர் இறங்கிய கிணறு எந்தத் தெருவில் இருக்கிறது? அங்கே வேலை செய்தவர் தோலில் வெடிப்பும் புண்ணும் யாருக்கு? கூலியா நீரா என்று நம்மிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. மகத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள் தண்ணீரைப் பற்றிய பேச்சை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பது விநோதம்.

6

கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வரும்போது பசுமை வளாகத்துக்கும் மதிப்பெண் உண்டு. எனவே மரம் எண்ணப்படுகிறது, சூரியத் தகடு எண்ணப்படுகிறது. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வைக்கப்படுகிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி தேர்வில் வருகிறது, எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். எங்கள் வளாகத்தைக் கூட்டுகிற அக்கா, ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்கு இருப்பவர், ஒருநாள் என்னிடம் சொன்னார்: "புள்ளைங்களுக்கு நீங்கதான் இந்தப் பாடம் எடுக்கறீங்களாமே சார். ரெண்டு தொட்டியிலயும் எல்லாம் ஒண்ணாத்தான் கெடக்குது. நான்தான் கையால பிரிக்கறேன். அப்ப மார்க்கு எனக்குத்தானே போடணும்?"

பாடத்திட்டத்தின்மேல் வந்த ஆகச் சிறந்த விமர்சனமாக இதைத்தான் நினைக்கிறேன். பல்துறைக் கல்வி என்றால் இந்தக் கேள்வியை ஒவ்வொரு துறையும் தன் மொழியில் எடுத்துக்கொள்வதுதான். வேதியியல் மாணவர் குரோமியத்தை அளக்கும்போது எந்தத் தெருக் கிணற்று நீர் என்று சேர்த்து எழுதட்டும். பொருளாதார மாணவர் அந்த அக்காவின் கூலியையும் கையுறையின் விலையையும் பசுமை வளாகக் கணக்கில் சேர்க்கட்டும். வரலாற்று மாணவர் பஞ்சமி நிலத்தின் பதிவேட்டைத் தேடட்டும். தமிழ் மாணவர் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலைச் சுற்றுச்சூழல் பாடத்தில் படிக்கட்டும். சேரியின் அழுக்கை வெளுக்கிற குடும்பம் அந்தச் சேரிக்கும் கீழே வைக்கப்பட்டிருப்பதை அது சொல்கிறது. நமக்குள்ளும் தீட்டு வேலை செய்வதை நாம் படிக்காமல் இருக்க முடியாது.

இதற்குப் புதிய அலகு ஒன்பதாவதாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒன்பதாவதாகச் சேர்த்தால் அதையும் ஊருக்கு வெளியே குடிவைத்துவிடுவார்கள். இருக்கிற எட்டு அலகுக்குள்ளும், இருக்கிற எல்லாத் துறைக்குள்ளும் இந்தக் கேள்வி நுழைய வேண்டும். மாசைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவர் தீட்டைப் பற்றி ஒரு வரியாவது எழுதியாக வேண்டும். அதுவரை, அடித்துவிடப்பட்ட அந்தப் பக்கங்களை மாணவர்கள் நமது இதழ்களுக்கு அனுப்பட்டும்.