ஹாட்ஷோணின் நூலும் எண்கணித மாணவரும்

அட்சரகணிதக் கேத்திரகணிதம் கற்கப் புகும் பட்டப்பின் மாணவர்க்கு, றொபின் ஹாட்ஷோண் 1977இல் வெளியிட்ட பாடநூலே நெடுங்காலமாகத் தலைவாயிலாக விளங்குகின்றது. குறொதென்டீக்கின் ஸ்கீம் கோட்பாட்டை ஒரே நூலுள் அடக்கியமை அதன் பெருஞ்சாதனையாகும். முக்கிய முடிவுகள் பலவற்றைப் பயிற்சிகளுள் ஒளித்தமை அதன் கடுமையாகும்.

எனினும், எண்கணித நாட்டமுடையோர்க்கு அது நிறைவு தருவதன்று. வளையிகளையும் மேற்பரப்புகளையும் ஆராயும் இறுதி அத்தியாயங்கள், பல்லுறுப்பிச் சமன்பாடுகள் யாவும் தீரும் புலத்தையே பெரும்பாலும் களமாகக் கொள்கின்றன. விகிதமுறு எண்களில் தீர்வு உண்டோ என்னும் உயிர்வினா சில பக்கங்களிலேயே தொடப்படுகின்றது. வெய்லின் ஊகங்களோ பின்னிணைப்பில் ஒதுங்குகின்றன.

சிங் லியூவின் 2002ஆம் ஆண்டு நூல், வளையியொன்று ஒவ்வொரு முதன்மை எண்ணிடத்தும் எவ்வடிவம் கொள்கின்றது என்பதை ஆராய்ந்து இக்குறையின் ஒரு பகுதியை நிரப்புகின்றது. முன்னையது மொழியைக் கற்பிக்கின்றது; பின்னையது அம்மொழிக்கு எண்கணிதப் பொருளை வழங்குகின்றது. முன்னையதோடு அமைபவர், இலக்கணம் கற்று இலக்கியம் காணாதவராவர்.