சத்தமில்லாத வேகமும் சாம்பலின் முகவரியும்

பந்தயத் தடத்தில் பந்தயம் நடக்காத நாட்கள் உண்டு. சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய், கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கொடி காட்டுபவர்களும் ஆம்புலன்சும் காத்திருக்க, சாலையில் ஓட்டினால் குற்றமாகிவிடும் வேகத்தில் சுற்றிவிட்டு வரலாம். 'டிராக் டே' என்கிறார்கள். முதலிடம் கிடையாது, கோப்பை கிடையாது, கைதட்ட ஆளும் கிடையாது. ஓர் இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதற்கான வழி என்ற வேஷத்தைக் களைந்துவிட்டு, வேகம் தன்னையே ஒரு சரக்காக விற்றுக்கொள்ளும் நாள் அது. இந்த நாட்களுக்கு இப்போது மின்கார்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. இந்த நிகழ்வை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்பதே இங்கு முயற்சி. எந்த இடத்திலிருந்து வாசிக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. நான் இதை ராயபுரத்திலிருந்து வாசிக்கிறேன்.

எங்கள் தெரு நண்பர் ஒருவர், கடன் வாங்கி மின்கார் வாங்கியவர், போன வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இரவு முழுக்க வீட்டு மீட்டரிலிருந்து கரண்டு ஏற்றியாயிற்று. விடிகாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து வெளியேறி, பெங்களூர் சாலையைப் பிடித்து இருங்காட்டுக்கோட்டை. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த தடம் அங்கே இருக்கிறது; ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். முதல் சுற்றில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. மின்மோட்டாருக்கு வேகம் திரட்ட நேரம் வேண்டாம். காலை அழுத்திய கணத்திலேயே முழு இழுவிசையும் வந்துவிடுகிறது. மூன்றாம் சுற்றில் ஏதோ சுணங்கியது. காரின் கணிப்பொறி பேட்டரியின் சூட்டைப் பார்த்துத் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டது. "மச்சி, அதுக்கு மூச்சு வாங்குது" என்றார் நண்பர். ஓரங்கட்டி நிறுத்திக் காத்திருந்தோம். தடத்தில் ஓட்டினால் மின்காருக்கு ஆயுசு கம்மி. சாலையில் ஓடுகிற தூரத்தில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் தாங்கும். பேட்டரியின் எடை டயரைத் தின்றுவிடுகிறது. இதெல்லாம் தெரிந்த விஷயம். உலக மின்கார்ப் பந்தயமான ஃபார்முலா ஈ 2014இல் பெய்ஜிங்கில் தொடங்கியபோது ஓட்டுநருக்கு ஆளுக்கு இரண்டு கார்கள். பாதிப் பந்தயத்தில் பேட்டரி தீர்ந்த காரிலிருந்து இறங்கி அடுத்த காருக்கு ஓடுவார்கள். நம் சென்னைக்காரரான கருண் சந்தோக் அந்த முதல் பருவத்தில் மஹிந்திரா அணிக்காக அப்படி மாறி ஏறியவர்தான். முதல் நான்கு பருவங்கள் இப்படியே நடந்தன.

என்னை உறுத்தியது சூடல்ல, மௌனம். பெட்ரோல் கார்கள் அலறிக்கொண்டு போகிற தடத்தில் நண்பரின் கார் டயரின் கீச்சொலியோடு மட்டும் போயிற்று. ஓரத்தில் நின்ற ஒரு பெட்ரோல் கார்க்காரர் இளக்காரமாகச் சிரித்தார். வேகம் என்பது சத்தத்தின் வழியாகவே இதுவரை குறிக்கப்பட்டு வந்திருக்கிறது. உறுமும் கார் பழைய சிற்பங்களைவிட அழகானது என்று மரினெட்டி 1909இல் அறிவித்தபோது அவர் கொண்டாடியது காரையா, உறுமலையா என்பது யோசிக்க வேண்டியது. (அதே உறுமல் கொஞ்ச காலத்தில் போர்முழக்கமாகவும் பாசிசத்துக்கான கைதட்டலாகவும் மாறியது வேறு கதை.) மின்கார் அந்தக் குறியைப் பிடுங்கிவிட்டது. குறி போனதும் குறிக்கப்பட்ட வேகமும் சந்தேகத்துக்குள்ளாகிறது. வேகமாகத்தான் போனோமா என்று நண்பருக்கே ஐயம் வந்து, கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டார்.

இந்த இழப்பைச் சந்தை எப்படி நிரப்பியது என்று பாருங்கள். 2023இல் ஹூண்டாய் தன் ஐயோனிக் 5 காரின் 'என்' வடிவத்தை அறிமுகப்படுத்தியது, பந்தயத் தடத்திலும் ஓட்டும்படி தயார்செய்யப்பட்ட மின்கார். அதில் இல்லாத எஞ்சினின் உறுமலை ஒலிபெருக்கி எழுப்புகிறது. இல்லாத கியரை மாற்றும்போது வண்டி வேண்டுமென்றே ஒரு குலுக்குக் குலுக்குகிறது. தோல்வியடைந்த தந்திரம் அல்ல இது. ஓட்டிப் பார்த்த கார் விமர்சகர்கள் பலர் உருகிப்போனார்கள். அசல் இல்லாத நகல் பற்றிப் போத்ரியார் சொன்னதை நம் சிறுபத்திரிகைகள் சலிக்கச் சலிக்க மேற்கோள் காட்டியாயிற்று. இங்கே அதை ஒட்டவைப்பது சுலபம். ஆனால் சுலபமாக ஒட்டுவது என்பதாலேயே அது போதாது. அசல் இல்லை என்பது எவ்வளவு தூரம் நிஜம்? உறுமலுக்கு அசல் இருக்கிறது. அது காருக்குள் இல்லை, அவ்வளவுதான். நண்பரின் காரை ஓடவைத்த சுழல் எந்திரங்கள் எங்கள் பக்கம் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கின்றன. சத்தம் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர் வடகிழக்கே.

ரொலான் பார்த் 1957இல் வந்த 'தொன்மங்கள்' நூலில் சிட்ரோயன் கார் ஒன்றைப் பற்றி எழுதும்போது அதன் மூட்டுவாய்களைத்தான் உற்றுப் பார்த்தார். மூட்டுத் தெரியாத வழவழப்பு, மனித உழைப்பு படாத தெய்வீகப் பொருள் என்ற மயக்கத்தைத் தருகிறது என்பது அவர் வாசிப்பு. மின்காரில் வழவழப்பு இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. புகைக்குழாயே இல்லை. பொருள் தன் பிறப்பைப் பற்றிய கடைசிச் சாட்சியத்தையும் விழுங்கிவிட்டது.

சத்தத்தின் இன்னொரு முகத்தைப் பார்க்க வடக்கே வரவேண்டும். என்ஃபீல்டு புல்லட்டின் டுபுடுபு ஓசை 1950களில் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது. இன்று எங்கள் பையன்கள் சைலன்சரைக் கழற்றிவிட்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் பறந்தால் அது ஒலி மாசு, பொதுமக்களுக்குத் தொல்லை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஆட்டோ ரேஸ் விட்டுப் பிடிபடுகிறவர்கள் செய்தித்தாளில் ரவுடிகள். அந்த ரேஸ்களை நான் நியாயப்படுத்தவில்லை. ரோட்டோரம் நடந்துபோனவர்கள் செத்திருக்கிறார்கள். கேள்வி வேறு. ஒரே சத்தம் ஓரிடத்தில் அபராதத்துக்கு உரியதாகவும் இன்னோரிடத்தில் காசு கொடுத்து ஒலிபெருக்கி வழியாகச் சேர்த்துக்கொள்ளும் அம்சமாகவும் எப்படி ஆகிறது? வேகத்துக்கான அனுமதிச்சீட்டு வர்க்கத்தின் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நிலவியலும் இதில் கலந்திருக்கிறது.

தடம் எப்போதும் தென்மேற்கில் இருந்ததில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில்தான், செங்குன்றத்துக்கு அப்பால், 1980களின் இறுதிவரை பந்தயங்கள் நடந்தன. என் அப்பா ராயபுரத்திலிருந்து சைக்கிளில் டபுள்ஸ் அடித்துப் போய்ப் பார்த்திருக்கிறார். வெயிலில் வெறுந்தரையில் நின்று, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. கார் வைத்திராதவர்களுக்கு வேகத்தில் இருந்த ஒரே பங்கு பார்வையாளர் என்கிற பங்கு. அதுவும் தடத்தோடு போயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. என்ஃபீல்டின் பெரிய ஆலை 2013இல் ஒரகடத்தில் எழுந்தது. வண்டி செய்யும் தொழிலின் மினுமினுப்பான பகுதி இப்படி தென்மேற்கே நகர்ந்தது. வடக்கே வந்தது நிலக்கரி. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது உண்மை. ஆனால் அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையம் முதல் கட்டத்தில் 630, இரண்டாம் கட்டத்தில் 1200 மெகாவாட் என்று வளர்ந்துவிட்டது. 2024இல் 800 மெகாவாட் மூன்றாம் கட்டமும் தொடங்கிவைக்கப்பட்டது. வல்லூரில் தனியாக 1500.

நண்பரின் பேட்டரிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 யூனிட் கொள்ளும். முழுக்க நிலக்கரியிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ வீதம், முப்பது கிலோவுக்கு மேல் நிலக்கரி. ஒடிசாவிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் காமராஜர் துறைமுகம் வந்து இறங்கும் நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். ஆக, சில சுற்றுகளின் கிளுகிளுப்புக்கு ஒரு வாளி சாம்பல். செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்குப் போகும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்ததும், மீனும் இறாலும் அற்றுப்போனதும், விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனதும் எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டு மின்சாரம் முழுக்க நிலக்கரி அல்ல. காற்றாலை இருக்கிறது, சூரியன் இருக்கிறது, கல்பாக்கம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் தான் குடிப்பதில் முக்கால் பங்கை வெறும் சூடாக வீணடிக்கிறது. கரிக் கணக்கில் மின்கார் மேல்தான். ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு: இரவில் ஏற்றிய கரண்டில் சூரியன் இல்லை, காற்றுக்குப் பருவம் உண்டு. பெட்ரோல் மட்டும் யோக்கியமா? அதுவும் 1969 முதல் மணலி சுத்திகரிப்பு ஆலையில் எங்கள் மூக்குக்குக் கீழேதான் காய்ச்சப்படுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த எண்ணெய்தான் எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது. தடத்தில் எந்தக் கார் ஓடினாலும் வடசென்னையைத்தான் குடித்து ஓடுகிறது. வித்தியாசம் என்னவென்றால் பெட்ரோல் கார் தன் நாற்றத்தால் அதை ஓரளவு ஒப்புக்கொண்டது. மின்காரின் சொல்லாடலோ தூய்மை என்ற ஒற்றைச் சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறது. அந்தக் கணக்கின் அலகு கார்பன். கார்பனுக்கு ஊர் கிடையாது. எங்கே புகைந்தாலும் உலகப் பொதுக் கணக்கில் கரைந்துவிடும். சாம்பலுக்கு முகவரி உண்டு. உலக சராசரியில் குறைந்தது என்று சொல்லும்போது, குறையாத இடம் எது என்ற கேள்வி கேட்கப்படாமலேயே போகிறது. சூழலியல் பேசும் நண்பர்கள்கூட இந்த அலகை அப்படியே வாங்கிக்கொள்வதுதான் எனக்குப் பிரச்சினை.

மின்வண்டி வேண்டாம் என்பதல்ல என் வாதம். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் விடப்பட்டன. அவற்றுக்கும் அதே கிரிட், அதே சாம்பல்தான். ஆனால் அதில் ஏறுகிறவர்கள் அந்தச் சாம்பலைச் சுவாசிக்கிறவர்களும்கூட. விலை கொடுப்பவரும் பயன் பெறுபவரும் ஒரே படிக்கட்டில் தொங்குகிறார்கள். டிராக் நாளில் இந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாதபடி விலக்கி வைக்கப்பட்டிருக்கிறார்கள். தாராள நகைமுரணாக, என் நண்பர் மட்டும் இரண்டுமாக இருந்தார்.

இரவு திரும்பும்போது எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் டீக்கடையில் நிறுத்தினோம். "இன்னா தம்பி, சத்தமே காட்டாம வந்து நிக்கிது" என்றார் கடைக்காரர். நண்பருக்கு உற்சாகம். திரையைத் தடவி, காரோடு வந்த எஞ்சின் ஒலியைப் போட்டுவிட்டார். பென்ச்சில் இருந்த பையன்கள் எழுந்து வந்து பானட்டில் காது வைத்துக் கேட்டார்கள்.

"இன்னாண்ணா, ஸ்பீக்கரா இது?" என்றான் ஒருவன். அப்புறம் தன் பல்சரை உதைத்துக் கிளப்பினான்.