சாதுக் குதிரையின் சுமை

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தின் செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மனின் போரை வருணிக்கையில் அவன் யானையை அரிவாரணம் என்றும் குதிரையை அதிசயம் என்றும் பெயர் சொல்லியே குறிக்கிறது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவனுக்கு இன்ன குதிரை என்று ஒன்று இருந்திருக்கிறது. ஆளும் குதிரையும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதைவிடப் பெரிய பொருத்தம் இல்லை.

செஞ்சித் தேசிங்கு கதை நேர் எதிர்த்திசையில் போகிறது. யாருக்கும் அடங்காத குதிரையை ஓர் இளம்பிள்ளை அடக்கினான் என்பதில்தான் அந்தக் கதைப்பாடலுக்கே பெருமை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட அவனை இன்றும் கொண்டாடுகிறோம். குதிரையேற்றம் கற்க வருகிறவர் துள்ளுகிற குதிரையாகக் கேட்பதில் வியப்பென்ன?

பயிற்சிப் பள்ளிகள் அந்த ஆசைக்கு இடம் தராமல் புதியவரை வயதேறிய, மிரளாத குதிரையில் ஏற்றுகின்றன. இதைக் குறை சொல்ல முடியாது. தடுமாறுகிற புதியவர் கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பார். அதே நொடியில் அவர் குதிகால் குதிரையின் விலாவில் குத்தும். நில் என்றும் ஓடு என்றும் ஒரே மூச்சில் இரண்டு கட்டளை! பழகிய குதிரை இரண்டையும் சட்டை செய்யாது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, சரியான மறுபயிற்சி இல்லாமல் பள்ளிக்கு வந்த தரோபிரெட் குதிரையோ பாய்ந்துவிடும். வேகத்துக்கென்றே வளர்க்கப்பட்ட இனம் அது.

பொருத்தத்தை அளக்கும் விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. சேணத்தோடு சேர்த்துச் சுமை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று பொதுவாக ஒரு கணக்கு உண்டு: 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. தராசு இருந்தால் இதைப் பார்த்துவிடலாம். அனுபவத்தை எதில் நிறுப்பது? எத்தனை மாதம் கற்றீர்கள் என்று கேட்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். வேலி போட்ட திடலுக்குள் ஒரே சாதுவின் மேல் ஆறு மாதம் சுற்றியவருக்கு அந்த ஒரு குதிரையைத்தான் தெரியும். அது கேட்காமலே திரும்பும், கேட்காமலே நிற்கும். ‘தேறியவர்’ என்ற பெயரோடு அவர் வேறு குதிரையில் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இன்னொரு குறையை யாரும் குதிரையிடம் கேட்பதில்லை. சாது என்று பெயர் வாங்கிய குதிரைக்கே நாள் முழுக்கப் புதியவர்கள். ஓயாமல் இழுபட்டு வாய் மரத்துப்போகிறது. தொப்பென்று உட்காருகிறவர்களால் முதுகு நோகிறது. வலி வந்தபின் அதே குதிரை காதை மடக்கும், கடிக்க வரும். அப்போது அதற்கு முரடு என்று பெயர். புதியவருக்குப் பொருந்திய குதிரையைப் பொருந்தாததாக்கியது அந்தப் பொருத்தமேதான்.

கைதேர்ந்த ஒருவர் அவ்வப்போது சாதுக் குதிரையில் ஏறி அதன் வாயையும் நடையையும் சீராக்க வேண்டும். கற்பவரைப் பயிற்றுநரின் கண் முன்னாலேயே வெவ்வேறு குதிரைகளில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இரண்டும் கட்டணம் வராத நேரத்தைத் தின்னும். பள்ளிகளில் முதலில் வெட்டுப்படுவதும் அந்த நேரம்தான்.