டாக்டர் படங்களில் நாம் யார்?

கடல் கடந்து போய் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் படம் என்றால் நம் ஜனங்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. கலங்கட்டும். அந்தப் படத்தில் நம்மை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் ஒருதரம் பார்த்துவிட வேண்டும்.

1992இல் வந்த 'சிட்டி ஆஃப் ஜாய்' படத்தை எடுத்துக்கொள்வோம். டொமினிக் லாப்பியரின் நாவலை வைத்து ரோலண்ட் ஜோஃபே எடுத்தது. அமெரிக்க டாக்டர் மேக்ஸ் தொழிலில் விரக்தியாகிக் கல்கத்தாவுக்கு வருகிறார். பேட்ரிக் ஸ்வேஸி நடித்திருக்கிறார். பீகாரிலிருந்து பிழைக்க வந்து ரிக்‌ஷா இழுக்கும் ஹசாரியாக ஓம் பூரி, அவர் மனைவியாக ஷபானா ஆஸ்மி. நடிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 'இந்திய நடிகர்களுக்கு எவ்ளோ பெரிய வேஷம் குடுத்திருக்கான் பாருங்க' என்பார்கள். குடுத்தான், சரி. அந்தக் குடிசைகளில் மருத்துவம் நடத்துவது யார்? அமெரிக்க டாக்டரும், பாலின் காலின்ஸ் நடித்த வெள்ளைக்காரப் பெண்ணும்தான். மேக்ஸின் மனசு ஆற ஒரு சேரி தேவைப்படுகிறது. ஜனங்களுக்கு எதிரியாக ஒரு தாதாவைக் காட்டுகிறார்கள். மழை வெள்ளத்தைக் காட்டுகிறார்கள். எந்தச் சாதி எந்த வேலைக்கும் எந்தச் சேற்றுக்கும் தள்ளப்பட்டது என்பது படத்துக்குக் கேள்வியே இல்லை.

இது வெள்ளைக்காரன் புத்தி மட்டும் என்று தள்ளிவிட முடியாது. 1938இல் காங்கிரஸ் சீனாவுக்கு ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் கோட்னிஸ் 1942இல் அங்கேயே இறந்தார். பெரிய தியாகம்தான். 1946இல் சாந்தாராம் அந்தக் கதையைப் படமாக்கி, கோட்னிஸாகத் தானே நடித்தார். கோட்னிஸ் மணந்த சீனத்து நர்ஸ் குவோ சிங்லானாக நடித்தது யார்? நம்ம ஊர் ஜெயஸ்ரீ. கேமரா நம் கையில் இருந்தபோது நாமும் சீனப் பெண்ணின் முகத்தை எடுத்துக்கொண்டோம். உதவி செய்யப் போகிறவன் கதை சொல்கிறான், உதவி வாங்குகிறவர்கள் பின்னணியாக நிற்கிறார்கள்.

நிஜத்தில் இந்த வேலை வேறு மாதிரி நடக்கிறது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு 1971இல் பிரான்சில் தொடங்கியது. அதில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டு ஜனங்களே: டாக்டர், நர்ஸ், டிரைவர், சமையல்காரர், துப்புரவுக்காரர். 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரத்தில் அவர்களுடைய மருத்துவமனை மேல் அமெரிக்க விமானம் குண்டு போட்டது. 42 பேர் செத்தார்கள். அதில் 14 பேர் ஊழியர்கள், 14 பேரும் ஆப்கானியர். சாவில் முன்னால் நிற்கிறவர்களுக்குப் படத்தில் ஏன் பெயர்கூட இல்லை?

சடையங்குப்பத்தில் இருந்துகொண்டு நான் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பூண்டி ஏரியில் தண்ணி திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆறு எங்க ஊரைச் சூழ்ந்துகொள்ளும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலி தொழிற்சாலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம்வரை படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாங்க. அப்புறம் மருத்துவ முகாம் வருது, போட்டோ எடுக்கிறாங்க. எண்ணெய் தடவின கை படத்தில் விழுகிறது. எண்ணெய் வந்த வழி விழுவதில்லை. டாக்டர் சினிமாவும் இதையேதான் செய்கிறது. வியாதியை மழை மாதிரி, விதி மாதிரி காட்டிவிட்டால் டாக்டர் கடவுளாகிவிடுவார், கேள்வி கேட்க ஆளிருக்காது.

இன்னொன்று. சேரிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைப்பேறு பார்த்தது நம் கிழவிகள். தொப்புள்கொடி அறுத்ததைத் தீட்டு என்றது ஊர். இன்று ஆஸ்பத்திரியில் ரத்தத்தையும் மலத்தையும் அள்ளும் ஆயாம்மாக்கள் பலர் நம் தெருப் பெண்கள். அந்தக் கிழவியின் கைப்பக்குவத்தை மருத்துவ அறிவு என்று எந்தப் படம் சொன்னது? நோயாளியாக மட்டும் நம்மைக் காட்டுவதும் ஒருவகைத் தீண்டாமைதான்.

கலர் கலராக நாலு முகம் சேர்ப்பதைப் 'பன்முகத்தன்மை' என்று இப்போது கொண்டாடுகிறார்கள். முகம் வேண்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் யார் எழுதுவது, நோய்க்குக் காரணத்தை யார் சொல்வது என்பது மாறாமல் முகம் மட்டும் மாறினால் நமக்கு என்ன கிடைக்கும்? எழுதத் தெரிந்த மாணவர்கள் முதலில் அந்த ஆயாம்மாவிடம் போய் உட்காருங்கள். அவங்க பார்த்த ஆஸ்பத்திரியை அவங்க வாயால் சொல்லட்டும். டாக்டர் அந்தக் கதையில் ஒரு ஓரமாக வந்துபோகட்டும்.