கைதட்டலும் சம்மதமும்

சென்ற மாதம் எங்கள் வங்கிக் கிளை வாசலில் நடந்த ஊழியர் கூட்டத்தில், ஒருநாள் வேலைநிறுத்தத்தை ஆதரித்து ஐந்து நிமிஷம் பேசினேன். முந்தின இரவே எழுதி, மோனை சேர்த்து, குரல் எங்கெங்கே உயரவேண்டும் என்று ஒத்திகையும் பார்த்திருந்தேன். உயர்ந்த இடங்களிலெல்லாம் கைதட்டினார்கள். வேலைநிறுத்தத்தன்று, தட்டியவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

பின் எதற்காகத் தட்டினார்கள்? அடுக்குமொழியில் இரண்டு தொடர் விழுந்ததுமே மூன்றாவது எப்படி முடியும் என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தன் ஊகம் பலித்த சந்தோஷத்தில் அவன் தட்டுகிறான். பேச்சாளன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறான். அண்ணாதுரை விஷயம் வேறு. ஜனங்களுக்குத் தமிழ்மேல் ஒரு கர்வத்தை உண்டாக்கிய பேச்சு அது. ஓசைக்குக் கீழே விஷயமும் இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அவருடைய தலைவராக இருந்த ஈரோட்டுக்காரரிடம் இந்த ஓசை கிடையாது. ஒலிப்பதிவுகளில் பெரியாரைக் கேட்டால், வாக்கியம் பாதியில் நிற்கும், திரும்பிப்போகும், கொச்சையில் தடுக்கி எழுந்திருக்கும். வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவர். வரவுசெலவு பார்ப்பது போலவே கடவுளையும் சாதியையும் பார்த்தார். கேட்பவன் மனசில் எழக்கூடிய ஆட்சேபணையைத் தாமே எடுத்துப்போட்டுப் பதில் சொல்வார். நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதே, உன் புத்தியைக் கேள் என்பார். 1973 டிசம்பர் 19இல், 94 வயதில், தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார்; ஐந்து நாளில் இறந்தார். அவர் கருத்துக்கள் எல்லாவற்றையும் நான் ஏற்பவனல்ல. ஏற்காமலிருக்க அந்தப் பேச்சே எனக்கு இடம் தருகிறது. அடுக்குமொழியில் அந்த இடம் இல்லை.

நம் கவிதைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 1971இல் கோவையிலிருந்து வர ஆரம்பித்த ‘வானம்பாடி’யின் கவிதைகளில் பலவும் கவியரங்க மைக்குக்கு முன்னால் நிற்பவை. ஆச்சரியக்குறி விழும் இடத்தில் கைதட்டலுக்கு அவகாசம் விட்டிருக்கிறது. சரி, இதைப் பரிகசித்த நாம் என்ன செய்தோம்? இலக்கியக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் நடுவே தலைநிமிராமல் கட்டுரை வாசிக்கிறோம். எதிரே ஆள் இருக்கிறானா என்ற கவலைகூட இல்லை. இது அடக்கம் என்று நமக்கு நினைப்பு. எனக்கு இது அடுக்குமொழியைவிடப் பெரிய அகந்தையாகப் படுகிறது.

அன்று கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, எங்கள் கிளையின் வயதான கடைநிலை ஊழியர் ஒருவர் கேட்டார்: “பேச்சு நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஒரு நாள் சம்பளம் போயிருமே, அதுக்கு என்னங்க பண்றது?” பெரியாராக இருந்தால் அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்திருப்பார். நான் எழுதிவைத்திருந்த நான்கு பக்கத்தில் எங்கேயும் அது இல்லை. அவர் டீக்கும் சேர்த்து நான் காசு கொடுத்தேன். வேலைநிறுத்தத்தன்று அவரும் வேலைக்குப் போனார்.